வரிசை மாறினால் என்ன ஆகும்?

(நூலக வாசகர் வட்டத்தில் ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘முழு எண்கள்’ என்று பார்த்ததும், இதில் ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். நியாயமான சந்தேகம்தான். 0, 1, 2, 3 என்று முடிவில்லாமல் போகிற எண்கள். கூட்டத் தெரியும், பெருக்கத் தெரியும். ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் இவற்றின் பண்புகளுக்கென்று ஒரு பகுதி வரும்: பரிமாற்றுப் பண்பு, சேர்ப்புப் பண்பு, பங்கீட்டுப் பண்பு, சமனி. ‘5 + 3 = 3 + 5 என்பது எந்தப் பண்பு?’ என்று கேள்வி வரும். பெயரை எழுதி மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு அத்தோடு மறந்துவிடுவோம். இப்படி மறந்ததில் நமக்குப் பெரிய நஷ்டம் என்பது என் கட்சி. நீங்கள் போடுகிற ஒவ்வொரு மனக்கணக்கும் இந்தப் பண்புகளை நம்பித்தான் நடக்கிறது. இவை செல்லாத இடத்தில் என்ன ஆகிறது என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம்.

மளிகைக் கடையிலிருந்தே தொடங்குகிறேன். எண்ணெய் பாக்கெட் ஒன்று 198 ரூபாய், நான்கு வாங்குகிறீர்கள். கடைக்காரர் தாளைத் தொடுவதில்லை. “எண்ணூறு... எட்டுப் போக எழுநூத்தித் தொண்ணூத்திரண்டு” என்கிறார். 198 என்பதை 200-க்கு 2 குறைவு என்று பிரித்துக்கொண்டார். 200-ஐயும் 4-ஆல் பெருக்கினார், 2-ஐயும் 4-ஆல் பெருக்கினார், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார். நம் புத்தகம் இதைத்தான் பங்கீட்டுப் பண்பு என்கிறது. அடுத்து, துண்டுச் சீட்டில் 37, 48, 63, 52 என்று நான்கு தொகைகள். மேலிருந்து கீழாகக் கூட்டினால் 85, 148, 200. அவர் கண் அப்படிப் போகாது. 37-ஐ 63-உடனும் 48-ஐ 52-உடனும் சேர்த்து, “இரண்டு நூறு” என்று முடித்துவிடும். எண்களை இடம் மாற்றினார், அது பரிமாற்று. தமக்கு வசதியாகச் சோடி சேர்த்தார், அது சேர்ப்பு. இந்தப் பெயர்களில் ஒன்றையும் அவர் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. பெயர் தெரிந்த நம் பிள்ளைகளோ 198-ஐயும் 4-ஐயும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ‘நாலெட்டு முப்பத்திரண்டு, மீதி மூன்று’ என்று ஆரம்பிக்கிறார்கள்.

கூட்டலில் வரிசை மாறினால் விடை மாறாது என்பதை யாரும் உடனே ஒப்புக்கொள்வார்கள். பெருக்கலில் அது அவ்வளவு வெளிப்படையானதா? கொஞ்சம் நின்று யோசியுங்கள். 3 பேருக்கு ஆளுக்கு 5 ரூபாய் கொடுப்பது ஒரு காரியம். 5 பேருக்கு ஆளுக்கு 3 ரூபாய் கொடுப்பது வேறொரு காரியம். வாங்குகிறவர்களைக் கேட்டால் வித்தியாசத்தை உரக்கவே சொல்வார்கள். இரண்டிலும் 15 ரூபாய்தான் செலவாகும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? வாய்ப்பாட்டைப் புரட்டிப் பார்த்தால் ‘அப்படித்தான் இருக்கிறது’ என்று தெரியுமே தவிர, ஏன் என்று தெரியாது.

மேசைமேல் 5 நாணயங்களை ஒரு வரிசையாக வையுங்கள். அதற்குக் கீழே இன்னும் 5, அதற்கும் கீழே 5. உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் ஐந்தைந்தாக 3 வரிசை. மேசையின் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவர் பார்த்தால் மும்மூன்றாக 5 வரிசை. ஒரு நாணயமும் நகரவில்லை, கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆகவே இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். 3, 5 என்ற எண்களுக்குப் பதிலாக 78, 412 என்று வைத்தாலும் இதே வாதம் செல்லும். ஒரு விடையைச் சரிபார்ப்பதற்கும் காரணத்தைப் பிடிப்பதற்கும் உள்ள தூரம் இதுதான். நான்காம் வகுப்புக் குழந்தைக்கு இதைக் காட்ட 15 புளியங்கொட்டை போதும்.

காட்டினால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். வாய்ப்பாட்டுப் பாரத்தைப் பாருங்கள். 1 முதல் 10 வரை என்றால் 100 வரிகள். ‘ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு’ என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளைக்கு மூவேழும் ஏழு மூன்றும் ஒன்று என்று சொல்லிக் கொடுத்தால் 100 என்பது 55 ஆகிறது. 1-ஆம் வாய்ப்பாட்டையும் 10-ஆம் வாய்ப்பாட்டையும் யாரும் படிக்க வேண்டியதில்லை, தள்ளுங்கள், மீதி 36. 2-ஆம் வாய்ப்பாடு இரட்டிப்பு. 5-ஆம் வாய்ப்பாடு 10-ஆம் வாய்ப்பாட்டில் பாதி. 9-ஆம் வாய்ப்பாடு என்பது பத்து மடங்கில் ஒரு மடங்கு குறைவு. இவற்றையும் எடுத்துவிட்டால் 3, 4, 6, 7, 8 ஆகிய ஐந்து எண்கள் தங்களுக்குள் பெருக்கிக்கொள்வது மட்டுமே பாக்கி. எண்ணிப் பாருங்கள், 15 வரிகள்தான். அவற்றிலும் 7 × 8 மறந்துபோனால் பயமில்லை. 8-ஐ 5, 3 என்று பிரி. 35-உம் 21-உம் சேர்ந்து 56. மனப்பாடமே வேண்டாம் என்று சொல்லவில்லை, ஐயா. அந்த 15-ஐ நன்றாக மனப்பாடம் செய்யட்டும். மற்ற 85-க்குக் காரணம் தெரிந்திருக்கட்டும்.

இந்த இடத்தில் ஒரு பள்ளி ஆசிரியரை நினைவுபடுத்த வேண்டும். ஹெர்மன் கிராஸ்மன். அன்றைய பிரஷ்ய நாட்டின் ஸ்டெட்டின் நகரில் பள்ளிக்கூட வாத்தியார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. 1861-இல் அவர் எண்கணிதப் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். ‘ஓர் எண்ணுக்கு அடுத்த எண்’ என்ற ஒரே கருத்தை எடுத்துக்கொண்டு, பரிமாற்று, சேர்ப்பு, பங்கீடு எல்லாவற்றையும் அதிலிருந்தே நிறுவ முடியும் என்று அதில் காட்டினார். நம் புத்தகம் ‘தொடரி’ என்று சொல்கிறதே, அதேதான். 3-உடன் 2-ஐக் கூட்டுவது என்றால் 3-க்கு அடுத்ததற்கு அடுத்தது. அவ்வளவுதான் விதி. இத்தாலியின் ஜுசெப்பே பியானோ 1889-இல் இதை இன்னும் சுருக்கி, எண்களுக்கான அடிப்படை விதிகளாகத் தொகுத்தார். அதில் அவர் எண்களை 1-இலிருந்து தொடங்கினார். பின்னாளில் 0-விலிருந்து தொடங்கினார். இயல் எண், முழு எண் என்று நாம் பிரிக்கிறோமே, அந்த இழுபறி அவரிடமும் இருந்திருக்கிறது. கணித அறிஞர்களான வைட்ஹெட், ரஸ்ஸல் இருவரும் 1910-இல் வெளியிட்ட நூலின் முதல் தொகுதியில் 350 பக்கங்களைத் தாண்டிய பிறகுதான் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதற்கு அருகிலேயே வருகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை.

சரி, எங்கே இவை செல்லாது? கழித்தலிலும் வகுத்தலிலும். 8 − 4 − 2 என்பதை இடமிருந்து போட்டால் 2. பின்னால் உள்ள 4 − 2-ஐ முதலில் சேர்த்துவிட்டால் 6. வகுத்தலும் அப்படித்தான், 24-ஐ 4-ஆல் வகுத்து, வந்ததை 2-ஆல் வகுத்தால் 3, பின்னதை முதலில் முடித்தால் 12. இதனால்தான் அடைப்புக்குறி என்று ஒன்று தேவைப்படுகிறது. வாட்ஸ்அப்பில் அவ்வப்போது ஒரு கணக்கு சுற்றும்: 8 ÷ 2(2 + 2) எவ்வளவு? 16 என்று ஒரு கட்சி, 1 என்று ஒரு கட்சி, உறவினர்களுக்குள் மனவருத்தமே வந்துவிடும். கணக்கில் புதிர் ஒன்றுமில்லை. எழுதியவர் அடைப்புக்குறியை ஒழுங்காகப் போடவில்லை. அவ்வளவுதான் என் தீர்ப்பு.

இரண்டு இலக்கப் பெருக்கலுக்கு வருகிறேன். 47-ஐ 36-ஆல் பெருக்குகிறோம். 6-ஆல் பெருக்கி 282 என்று எழுதுகிறோம். பிறகு 3-ஆல் பெருக்கி 141, அதை ஓர் இடம் இடப்பக்கம் தள்ளி எழுதுகிறோம். சிலர் காலி இடத்தில் பெருக்கல் குறி போடுவார்கள், சிலர் பூஜ்யம். ஏன் தள்ளி எழுத வேண்டும்? கேட்டுப் பாருங்கள், ‘டீச்சர் அப்படித்தான் சொன்னாங்க’ என்பதுதான் பெரும்பாலும் பதில். அந்த 3 வெறும் 3 இல்லை, 30. நாம் போட்டது 47-இன் 30 மடங்கு, 1410. 36-ஐ 30, 6 என்று பிரித்து, 47-ஐ இரண்டுக்கும் பங்கிட்டு, கடைசியில் கூட்டி 1692 என்கிறோம். மளிகைக் கடைக்காரர் 198-க்குச் செய்தாரே, அதே வேலை. 47-ஐயும் 40, 7 என்று உடைத்தால் 1200, 240, 210, 42 என்று நான்கு துண்டுகள். கூட்டினால் அதே 1692. ‘தள்ளி எழுது’ என்கிற சடங்குக்குள் இவ்வளவு இருக்கிறது. காரணம் தெரியாத பிள்ளை ஒருநாள் தள்ள மறந்துவிடும், 423 என்று விடை எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். 47-ஐப் பத்தால் பெருக்கினாலே 470 ஆயிற்றே என்று அதற்குத் தோன்றாது.

நம் பழைய தமிழ் எண் முறையில் இந்தப் பிரிப்பு எழுத்திலேயே தெரியும். 435-ஐ ௪௱௩௰௫ என்று எழுதினார்கள். நான்கு நூறு, மூன்று பத்து, ஐந்து. பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி இருந்தது. 105 என்றால் ௱௫, முடிந்தது. நடுவில் பூஜ்யத்துக்கு வேலையே இல்லை. படிப்பதற்கு அழகான முறை. ஆனால் இந்த எழுத்தை அப்படியே ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பெருக்க முடியாது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை அவ்வளவு கடுமையாக நெட்டுருப் போட வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கணக்கு மனசுக்குள் நடந்தது, விடை மட்டும் ஓலைக்கு வந்தது. இடமதிப்பு முறையோ கணக்கையே தாளில் செய்ய விடுகிறது. அதற்குக் காலி இடத்தைக் காட்ட ஒரு குறி வேண்டும். குவாலியர் கோட்டைச் சதுர்புஜர் கோயிலில் 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 270 முழ நீளத் தோட்டத்தையும் தினம் 50 மாலைகளையும் பற்றிச் சொல்லும் கல்வெட்டு. அந்த 270-இலும் 50-இலும் கடைசியில் சின்ன வட்டமாகப் பூஜ்யம் செதுக்கியிருக்கிறார்கள். இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

காலி இடத்தைக் காட்டும் குறியாக இருப்பது ஒன்று. பூஜ்யமே ஓர் எண்ணாகிக் கூட்டல், பெருக்கலுக்கு உட்படுவது வேறொன்று. 628-இல் கணித அறிஞர் பிரம்மகுப்தர் இந்த இரண்டாவது காரியத்தைச் செய்தார். ஓர் எண்ணிலிருந்து அதையே கழித்தால் கிடைப்பது பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, அதைக் கூட்டினால் என்ன, கழித்தால் என்ன, பெருக்கினால் என்ன என்று விதிகளை எழுதினார். அவ்வளவும் சரி. வகுத்தலில்தான் சறுக்கினார், பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றார். அடுத்து ஒன்பதாம் நூற்றாண்டில் கர்நாடகப் பகுதியில் வாழ்ந்த மகாவீரர், ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் அந்த எண் அப்படியே இருக்கும் என்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர், அது முடிவிலி என்றார். மூவரும் மாமேதைகள், மூன்று வெவ்வேறு விடைகள். நம் வகுப்பில் ஒரு பிள்ளை தவறாகச் சொன்னால் தலையில் குட்டுகிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சிக்கலைப் பங்கீட்டுப் பண்பு எப்படி அவிழ்க்கிறது பாருங்கள். முதலில், 7-ஐப் பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம் என்கிறோமே, ஏன்? பூஜ்யத்தோடு பூஜ்யத்தைக் கூட்டினால் பூஜ்யம். ஆகவே 7 × 0 என்பதும் 7 × (0 + 0) என்பதும் ஒன்று. பங்கிட்டால் அது 7 × 0-உம் இன்னொரு 7 × 0-உம் சேர்ந்தது. ஓர் எண் தன்னைத்தானே கூட்டிக்கொண்டும் கூடாமல் அப்படியே நிற்கிறது. முழு எண்களில் அப்படி நிற்கக்கூடியது பூஜ்யம் ஒன்றுதான். ஆக 7 × 0 = 0. இதில் வாய்ப்பாடு இல்லை, ‘விதி அப்படி’ என்கிற அதட்டலும் இல்லை. இனி 6 ÷ 0 எவ்வளவு? எந்த எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கினால் 6 வரும் என்பதுதான் கேள்வி. எதைப் பெருக்கினாலும் பூஜ்யம்தானே வரும்? அப்படியோர் எண் கிடையாது. 0 ÷ 0-வோ நேர் எதிர். எந்த எண்ணைச் சொன்னாலும் பொருந்தும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. அதனால் பூஜ்யத்தால் வகுப்பதை விட்டுவிடுகிறோம். கணினிக்கும் அதே கதி. 1997-இல் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்ற போர்க்கப்பலில் ஒரு தகவல் கட்டத்தில் பூஜ்யம் பதிவானது. நிரல் அந்தப் பூஜ்யத்தால் வகுக்கப் போய்க் கணினிப் பின்னலே முடங்கியது, நடுக்கடலில் கப்பல் இயந்திரம் நின்றுபோயிற்று.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

வரிசை மாறினால் தொகை மாறாது என்பது கூட்டுகிறவருக்கு வரம். எழுதுகிறவருக்கு அதே பண்பு தொல்லை. பேரேடு எழுதியவர்களுக்குத் தெரியும்: 84 என்பதைக் கை தவறி 48 என்று எழுதிவிடுவோம். இலக்கங்களின் கூட்டுத்தொகை இரண்டிலும் 12. கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இதற்குக் கணக்கர்களிடம் ஒரு பழைய உபாயம் உண்டு. வரவும் செலவும் ஒட்டவில்லை, 36 ரூபாய் இடிக்கிறது என்றால், அந்த 36 ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறதா என்று பார்ப்பார்கள். வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று முதல் சந்தேகம். 36-ஐ 9-ஆல் வகுத்தால் 4. அப்படியானால் தங்களுக்குள் 4 வித்தியாசம் உள்ள இலக்கங்கள், அதாவது 84-48, 73-37, 51-15 மாதிரி எங்கே என்று தேடுவார்கள். முழு ஏட்டையும் மறுபடி கூட்ட வேண்டாம். ஏன் ஒன்பது? பத்தாம் இடத்திலிருந்த 8 ஒன்றாம் இடத்துக்கு இறங்கினால் 80 என்பது 8 ஆகிறது. தன்னைப்போல் ஒன்பது மடங்கை, 72-ஐ, இழக்கிறது. ஒன்றாம் இடத்திலிருந்த 4 ஏறினால் 40 ஆகிறது. தன்னைப்போல் ஒன்பது மடங்கு, 36, பெறுகிறது. இழந்ததும் பெற்றதும் ஒன்பதின் மடங்கு. நிகரமும் அப்படித்தான். 500 என்பதில் ஒரு பூஜ்யத்தை விட்டு 50 என்று எழுதினாலும் 450 குறையும். அதுவும் ஒன்பதால் வகுபடும்.

மனிதக் கண்ணை நம்பாமல் இயந்திரமே பிடிக்க வேண்டும் என்றால், வரிசைக்கு மதிப்புத் தருகிற கணக்கு தேவை. இந்த நூலகத்தில் ஏதாவது ஒரு புதிய புத்தகத்தின் பின்னட்டையைப் பாருங்கள், 13 இலக்க ஐ.எஸ்.பி.என். இருக்கும். முதல், மூன்றாம், ஐந்தாம் என்று ஒற்றை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுங்கள். இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி 3-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் சேர்த்தால் பூஜ்யத்தில் முடியும். முடியவில்லையென்றால் எண் தப்பு. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் இது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். 2-உம் 7-உம் போல 5 வித்தியாசமுள்ளவை மாறினால் மட்டும் ஏமாந்துவிடும்.

அந்த ஓட்டையையும் அடைத்தவர் நெதர்லாந்துக்காரர் வெர்ஹூஃப், 1969-இல். ஓர் ஐங்கோணத் தகட்டைச் சுழற்றுவதற்கு ஐந்து வகை, புரட்டிப் போடுவதற்கு ஐந்து வகை. மொத்தம் பத்து அசைவுகள், பத்து இலக்கங்களுக்குச் சரியாகப் போயிற்று. சுழற்றிவிட்டுப் புரட்டுவதும் புரட்டிவிட்டுச் சுழற்றுவதும் ஒன்றாக இராது. அட்டையில் ஓர் ஐங்கோணம் வெட்டி, முனைகளில் எண் எழுதிச் செய்து பாருங்கள். பரிமாற்றுப் பண்பு இல்லாத இந்தக் கணக்கை அவர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார். அதனால் ஓர் இலக்கம் தவறினாலும் சரி, அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் சரி, ஒன்றுவிடாமல் பிடித்துவிடும். உங்கள் ஒவ்வொருவர் பையிலும் அது இருக்கிறது. ஆதார் எண்ணின் 12-ஆவது இலக்கம் இந்த முறைப்படி கணக்கிட்டுப் போட்டதுதான். ‘வரிசை மாறினாலும் ஒன்றுதான்’ என்பது எல்லா இடத்துக்கும் செல்லுபடியாகிற விதி இல்லை என்று தெரிந்த பிறகுதான், முழு எண்களுக்கு அது செல்வதன் அருமை தெரிகிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத் தேர்வில் ‘இது எந்தப் பண்பு?’ என்கிற கேள்வியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, ‘25 × 16 எவ்வளவு? தாளில் பெருக்காமல் எப்படிக் கண்டாய் என்று எழுது’ என்று கேளுங்கள். ஒரு பிள்ளை 16-ஐ நாலு நாலாக்கி, நாலு இருபத்தைந்து நூறு, நாலு நூறு நானூறு என்று எழுதும். இன்னொன்று பத்து மடங்கு 250, ஆறு மடங்கு 150 என்று எழுதும். வேறொன்று நாம் நினைக்காத வழியில் வரும். விடைக்கு ஒரு மதிப்பெண் போதும், வழிக்கு மூன்று கொடுங்கள்.